பட்டியும் நிரையும் லயமும்: ஒரு சொல்லின் பிறப்பும் அதன் வர்க்கப் பொருளும்

மலையக மக்களின் வாழ்க்கை பற்றிய மேடைப் பேச்சுகளிலும் கட்டுரைகளிலும் ஒரு கூற்று ஏறத்தாழ வாய்பாடாகவே வழங்கி வருகிறது. தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பைக் குறிக்கும் ‘லயம்’ என்னும் சொல் குதிரை கட்டும் இடமாகிய ‘லாயம்’ என்பதிலிருந்து பிறந்தது. மனிதரை விலங்குகளாகக் கணித்த துரைமாரின் மனப்பாங்கு அச்சொல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது என்பதே அக்கூற்று. இதற்கு மறுதலையாக, லயம் ஓர் ஆங்கிலச் சொல்லின் திரிபு மாத்திரமே என்றும், அதற்கு அப்பால் ஆராய்தற்கு அங்கு ஒன்றுமில்லை என்றும் கூறி அமைவாரும் உளர். முன்னவர் உணர்ச்சியைச் சான்றாகக் கொள்கின்றனர். பின்னவர் சான்றைக் கண்டதோடு நின்றுவிடுகின்றனர். இரு சாராரும் விட்டுவிட்ட இடத்திலேதான் சிக்கலின் உயிர்நிலை இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஒரு சொல்லின் பிறப்பு மொழியியலுக்குரிய வினா. அச்சொல்லை வழங்கும் மக்கள் அதனுள் எதனைக் கேட்கின்றனர் என்பது சமூக வரலாற்றுக்குரிய வினா. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புதல் ஆராய்ச்சிக்குக் கேடு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடுதல் வரலாற்றுக்குக் கேடு. சொல் என்பது வர்க்கங்கள் மோதிக்கொள்ளும் களம் என 1929ஆம் ஆண்டிலேயே வொலோஷினோவ் எடுத்துக் காட்டினார். அக்கருத்தினைச் சோதித்துப் பார்ப்பதற்கு லயத்தினும் ஏற்ற சொல் தமிழில் அரிது எனலாம்.

1. தொழுவும் கிடையும் பட்டியும்

லயத்தை விலங்கடைக்கும் இடத்தோடு ஒப்பிடுவோர், அத்தகைய இடங்களுக்குத் தமிழில் வழங்கும் சொற்களையும் அவற்றின் போக்கையும் பெரும்பாலும் நோக்குவதில்லை. ஆதலின் அவற்றிலிருந்தே தொடங்குதல் தகும்.

கால்நடை வளர்ப்பு நெடுங்காலம் வாழ்வாதாரமாக இருந்த சமூகத்தின் மொழியில் அதற்குரிய சொற்கள் பலவாக இருத்தல் இயல்பு. தொழு, தொழுவம், கொட்டில், கிடை, பட்டி என்பன அவற்றுட் சில. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாட்டுக்காலை என்பது பெருவழக்கு. இவை ஒரே பொருளைச் சுட்டும் வெவ்வேறு பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தனித்த பொருளாதாரத் தொழிற்பாடு உண்டு. கொட்டில் கூரையை முதன்மையாகக் கொண்டது. பாற்பசுவையும் உழவுமாட்டையும் வீட்டோடு சேர்த்துக் காப்பது. கிடை இடம்பெயர்வது, ஆட்டையும் மாட்டையும் இரவில் வயலிலே மறித்து நிறுத்தி, அவற்றின் எருவால் நிலத்தை வளப்படுத்துவது. கிடையால் மந்தைக்காரனும் நிலக்காரனும் ஓர் உறவுக்குள் வருகின்றனர். அந்த உறவின் நுட்பங்களை அறிய விரும்புவோர் கி. ராஜநாராயணனின் ‘கிடை’ என்னும் குறுநாவலைப் பயிலலாம்.

தொழு என்பது பழமையான சொல். முல்லைக்கலியில் ஏறுதழுவுதற்குரிய காளைகள் அடைக்கப்பெற்ற இடம் தொழூஉ எனப்படுகின்றது. அங்கு அது வீரத்தின் களம். இளைஞர் தாமே விரும்பிப் பாயும் இடம். பிற்காலத்தில் இதே சொல் வேறொரு பொருளையும் ஏற்றது. குற்றவாளியின் காலை மாட்டிவைக்கும் மரம் தொழுமரம் எனப்பட்டது. விவிலியத் தமிழில் பவுலும் சீலாவும் சிறையிலே கால் மாட்டப்பெற்றது தொழுமரத்திலேயாம். விலங்கை நிறுத்திவைக்கும் இடத்தின் பெயர் மனிதனை நிறுத்திவைக்கும் கருவிக்கும் சென்றமை அவதானிக்கத்தக்கது. தொழும்பு, தொழும்பர் என்னும் அடிமைநிலைச் சொற்களையும் இதனோடு உடனே இணைத்துவிடச் சிலர்க்கு ஆசை எழலாம். ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாகாது. அந்த ஆசையை இங்கு அடக்கிக்கொள்ளுதலே முறை. லயம் பற்றிய ஆய்விலும் இவ்வடக்கம் வேண்டப்படும்.

இவை யாவற்றினும் நமக்கு முதன்மையானது பட்டி. மாடாடுகளை அடைக்கும் இடம் என்பதும் சிற்றூர் என்பதும் அதன் இரு பொருள்கள். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி இவ்விரு பொருளையும் ஒரே தலைச்சொல்லின் கீழ்க் காட்டுகிறது. கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் திரிதலின் இச்சொல் ஹட்டி என நின்று, அங்கும் தொழுவத்தையும் ஊரையும் ஒருங்கே குறிக்கிறது. நீலகிரியில் படகர் தம் ஊர்களை ஹட்டி என்றே அழைக்கின்றனர். தமிழகத்தில் மதுரை, திருச்சி, புதுக்கோட்டை வட்டகைகளில் பட்டி என முடியும் ஊர்ப்பெயர்கள் மலிந்து கிடக்கின்றன.

அடைப்பின் பெயர் ஊரின் பெயராக உயர்ந்த இந்நிகழ்ச்சியின் சமூக அடிப்படை யாது? மந்தையை வைத்திருந்தோர் அதனருகே குடியேறினர்; குடியேற்றம் நிலைத்தது; கிணறும் கோயிலும் மந்தைவெளியும் தோன்றின. விலங்குகளை அடைத்த வேலியும் அவ்விலங்குகளும் அங்கு வாழ்ந்தோரின் உடைமை. பட்டியின் படலைத் திறப்பதும் சாத்துவதும் அவர்கள் கையில் இருந்தது. மாடு என்னும் சொல்லே செல்வத்தைக் குறித்த காலம் அது. திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் அச்சொல் அப்பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது. கால்நடையே மனிதர் கண்ட முதற் பெருஞ்செல்வம் என்பதும் அதிலிருந்தே தனியுடைமை கிளைத்தது என்பதும் ஏங்கெல்ஸ் விரித்துரைத்த கருத்து. செல்வத்தின் உறைவிடம் அதனை உடையோரின் உறைவிடத்துக்குப் பெயர் தந்ததில் இழிவு எதுவும் இருக்கவில்லை. தன் ஊர்ப்பெயர் தொழுவத்திலிருந்து வந்தது என்று எந்தப் பட்டிக்காரனும் நாணியதில்லை.

பட்டி என முடியும் இவ்வூர்கள் நிறைந்த வறண்ட மாவட்டங்களிலிருந்தே, பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, பெருந்தொகையான மக்கள் கங்காணிமாரின் பின்னே கண்டியச் சீமைக்கு நடந்து வந்தனர். பட்டியிலிருந்து லயத்துக்கு வந்த பயணம் அது.

2. லயம் பிறந்த வகை

லயம் ஆங்கிலச் சொல்லாகிய ‘லைன்’ என்பதன் தமிழ் வடிவம் என்பதில் ஐயமில்லை. மூன்று சான்றுகள் போதும்.

முதலாவது ஒலியியற் சான்று. ஐகாரம் அகர யகரமாக ஒலித்தல் தொல்காப்பியர் காலந்தொட்டு அறியப்பட்ட இயல்பு. லைன் லயன் ஆயிற்று. சொல்லிறுதி னகரமும் மகரமும் தம்முள் மயங்குதலும் தமிழுக்குப் புதிதன்று. நிலன் நிலம், கலன் கலம் என்பன போல லயன் லயம் என நின்றது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் லயன் காம்பரா என்பதும் லயத்துக் காம்பரா என்பதும் இன்றும் ஒருங்கே வழங்குகின்றன. திரிபின் இடைநிலையும் இறுதிநிலையும் ஒரே வாயில் உயிரோடிருக்கும்போது வேறு மூலம் தேடுதல் வேண்டாவாம். லாயம் லயமாயிற்று எனின், முதலசையின் நெடில் காரணமின்றிக் குறுகியது எனல் வேண்டும். அத்தகைய குறுக்கத்துக்கு விதி காட்டுதல் அரிது.

இரண்டாவது ஒப்பியற் சான்று. மலேசியத் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளரின் குடியிருப்பு லயம் என்றே வழங்கிற்று. இலங்கைச் சிங்களத்திலும் அக்குடியிருப்பு ‘லயின் காமர’ எனப்படுகிறது. ஆங்கிலேயத் தோட்டக்காரரின் சொல்வழக்கு சென்ற இடமெங்கும் இச்சொல் சென்றிருக்கிறது.

மூன்றாவது, தோட்டத் தமிழின் சொற்றொகுதியே தரும் சான்று. குடியிருப்பு அறை காம்பரா. அதன் மூலம் போர்த்துக்கேயம். முன்திண்ணை இஸ்தோப்பு, அதன் மூலம் ஒல்லாந்தம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையும் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடமும் முறையே கொழுந்து மடுவம், பிள்ளை மடுவம் எனப்பட்டன. மடுவ என்பது கொட்டகையைக் குறிக்கும் சிங்களச் சொல். காலையில் ஆட்களைத் திரட்டும் இடம் பிரட்டுக்களம். இராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அங்குத் தமிழுடை பூண்டு நிற்கிறது. ஆக, தோட்டத்தின் கட்டடங்களுக்குரிய சொற்களிற் பல அவற்றைக் கட்டியோரின் மொழிகளிலிருந்தோ அயலாரின் மொழியிலிருந்தோ வந்தவை. தான் வாழும் சுவருக்கும் திண்ணைக்கும் பெயரிடும் உரிமைகூடத் தொழிலாளிக்குப் பெரிதும் வாய்க்கவில்லை.

இவ்விடத்து லாயத்தைப் பற்றியும் ஒரு சொல். குதிரை கட்டும் இடத்தைக் குறிக்கும் இலாயம் தமிழ்ப் பேரகராதியில் இடம்பெற்றது. தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தது. இசையில் வழங்கும் இலயம் வடமொழி. உருவிலும் ஒலியிலும் நெருங்கிய இம்மூன்று சொற்களும் பிறப்பால் ஒன்றோடொன்று உறவற்றவை.

3. கோடும் நிரையும்

சொற்பிறப்பாய்வு இவ்வளவோடு நின்றுவிடின் பின்னவரின் கூற்றே வெற்றி பெறும். ஆயின், ‘லைன்’ என்னும் அவ்வாங்கிலச் சொல் தொழிலாளரின் வீட்டுக்கு ஏன் பெயராயிற்று என வினவுதல் வேண்டும். ஆங்கிலேயன் தன் நாட்டுத் தொழிலாளியின் வீட்டைக் குடிசை என்றான், வரிசை வீடு என்றான். குடியேற்ற நாட்டில் மாத்திரம் வீடு என்னும் பொருளே தொனிக்காத ஒரு சொல்லை, வெறுங்கோடு எனப் பொருள்படும் சொல்லை, அவன் தேர்ந்தது எதனால்?

அது பாசறையின் சொல். பிரித்தானிய இந்தியப் படையமைப்பில் சுதேசச் சிப்பாய்களின் குடிசைகள் நேர்கோட்டில் நிறுத்தப்பட்டன. அவ்வரிசைகளே லைன் எனப் பெயர் பெற்றன. குதிரைப் படையில் குதிரைகளை வரிசையாக முளையடித்துக் கட்டிய இடமும் அதே சொல்லால் குறிக்கப்பட்டது. இலங்கையின் கோப்பிச் செய்கையைத் தொடக்கி வைத்தோரில் படை அதிகாரிகள் பலர். தளபதியாயிருந்து 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக ஆண்ட எட்வேர்ட் பார்ன்ஸ், பேராதனைக்கு எதிரே மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொறுவையில் தாமே கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். பாசறையின் ஒழுங்கு தோட்டத்தின் ஒழுங்காயிற்று. விடியலில் பிரட்டு, இரவில் லயம். இரண்டுக்குமிடையே கங்காணியின் கண்.

இங்கேதான் ஒரு முரண் வெளிப்படுகிறது. லயம் லாயத்திலிருந்து பிறக்கவில்லை. ஆனால் லயத்தைப் பெற்ற ஆங்கிலச் சொல் தன் தாயகத்திலேயே குதிரை நிற்கும் வரிசையையும் சிப்பாய் படுக்கும் வரிசையையும் வேறுபாடின்றிக் குறித்த சொல். தொழிலாளி ஆங்கிலம் கற்றிருக்கவில்லை. எனினும் அச்சொல்லில் அவன் கேட்ட விலங்கின் எதிரொலி அதன் அகராதிப் பொருளுக்கு வெகு தொலைவில் இல்லை.

இதனைத் தமிழின் பக்கமாக நின்றும் காணலாம். லைன் என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் நிரை. நிரை என்றால் வரிசை. நிரை என்றால் மாட்டு மந்தையும் ஆம். வெட்சித் திணையில் கவரப்படுவது ஆநிரை. மந்தையை எண்ணுதற்கு அதனை வரிசையாக்க வேண்டும் என்னும் நடைமுறையே இவ்விரு பொருளையும் ஒரு சொல்லில் பிணைத்திருத்தல் கூடும். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் செடிவரிசையும் நிரைதான். பேச்சில் அது நெரை. அவள் பகலில் நிற்பது நிரை. இரவில் படுப்பது நிரையின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய இடம்.

எண்ணுதல் என்பதே இங்குத் திறவுகோல். தோட்டக் கணக்கில் ஒருநாள் உழைப்பு ‘ஒரு பேர்’. பாதிநாள் உழைப்பு ‘அரைப் பேர்’. மனிதனுடைய பெயரே கூலியின் அலகாகி, பாதியாக அறுக்கப்படவும் கூடியதாயிற்று. கங்காணி தான் வேலைக்கு இறக்கிய ஆட்களின் எண்ணிக்கைப்படி பெற்றது தலைக்காசு. ஆங்கிலத்தில் கால்நடையைக் குறிக்கும் சொல்லும் மூலதனத்தைக் குறிக்கும் சொல்லும் தலை எனப் பொருள்படும் ஒரே இலத்தீன் அடியிலிருந்து கிளைத்தவை என்பதை இதனோடு சேர்த்து நோக்கின், தலையெண்ணும் பொருளாதாரத்தின் இயல்பு தெளிவாகும். லயத்தையும் தொழுவத்தையும் இணைப்பது ஒலியொப்புமை மாத்திரம் அல்ல. உழைக்கும் உயிரை எண்ணி, நிறுத்தி, மறுநாள் வேலைக்கு மீட்டுத் தரும் தொழிற்பாட்டில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

4. படல் யார் கையில்?

ஒன்றுபடும் இடத்தைக் கண்டோம். வேறுபடும் இடமே இன்னும் முக்கியமானது. பட்டி ஊராயிற்று, லயம் ஏன் ஊராகவில்லை? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் தலைமுறை தலைமுறையாக மக்கள் ஒரே இடத்தில் பிறந்து, மணந்து, இறந்து, புதைக்கப்பட்ட பின்னரும் அவ்விடம் ஊர் என்னும் தகுதியை எய்தாதது எதனால்?

சட்டத்தைப் பார்த்தால் விடை தெரியும். 10 அடிக்கு 12 அடி என்று பொதுவாகச் சொல்லப்படும் அக்காம்பரா வாடகை வீடன்று; உடைமையும் அன்று. அது வேலையின் ஒட்டு. வேலை போனால் கூரையும் போயிற்று. தோட்ட நிர்வாகத்தோடு முரண்பட்டுச் சங்கம் கட்டிய தொழிலாளிக்கு முதலிற் கிடைத்த தண்டனை லயத்தைவிட்டு வெளியேற்றப்படுதலாகவே இருந்தது.

வேலையிலிருந்து நீக்கப்பட்ட பின் காம்பராவைவிட்டுப் போக மறுத்த தோட்டத் தொழிலாளி ஒருவர்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டு, அது இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1950ஆம் ஆண்டில் தீர்ந்தது. அத்துமீறல் குற்றமாவதற்கு உடைமையாளரைத் தொல்லைப்படுத்தும் நோக்கம் வேண்டும். தன் இருப்பிடத்தை இழக்காதிருக்க முயல்வது அந்நோக்கம் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். தொழிலாளி குற்றவாளி ஆகவில்லை. ஆயின் அவருக்கு அவ்விடத்தில் உரிமை உண்டு என்று நீதிமன்றம் கூறிற்று எனக் கொள்ளுதல் தவறு. அவருடைய மனத்தில் இருந்த நோக்கத்தையே அது ஆராய்ந்தது. நிலம் நிலக்காரனுடையதாகவே நின்றது.

மந்தையிலிருந்து பிரிந்து பிறர் பயிரில் நுழையும் மாட்டைப் பட்டியில் அடைத்தல் ஊர்வழக்கு. பிரித்தானிய இந்தியாவில் 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறற் சட்டம் அவ்வழக்கை அரசின் கையில் ஒப்படைத்தது. மாடு அத்துமீறுவது தன் அடைப்பைவிட்டு வெளியே போதலால். தோட்டத் தொழிலாளி அத்துமீறியவனாகக் குற்றஞ்சாட்டப்பட்டது தன் அடைப்பிலேயே தங்கியதனால். இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது தோட்ட முறையின் தனித்தன்மை. தொழுவத்துக்குத் திரும்பும் மாட்டை எவரும் வழக்குக்கு இழுப்பதில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இதே தர்க்கத்தை நாடளாவியதாக்கிற்று. வேலை இல்லையேல் லயம் இல்லை என்றது தோட்டம். நாடும் இல்லை என்றது அரசு. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைத் தொகை தொகையாகப் பிரித்து இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. நிரை பிரித்தல் என்று தோட்டத்தார் அதனை விளங்கிக்கொண்டிருப்பின் வியப்பில்லை. 1970களின் நிலச்சீர்திருத்தம் நில உடைமையைக் கம்பனிகளிடமிருந்து அரசுக்கு மாற்றியது. 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எவற்றிலும் லயத்துக் கதவின் சாவி கைமாறவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்ற நிலையை முடித்து வைத்த பின்னரும், பிரதேச சபையின் பணம் தோட்டக் குடியிருப்புக்குச் செல்வதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018ஆம் ஆண்டில். அதுவரை, உள்ளூராட்சியின் பணத்தைப் பொறுத்தமட்டில் லயம் ஊராகக் கணிக்கப்படவில்லை.

5. உவமையின் வறுமை

இனி இலக்கியத்துக்கு வருவோம். மலையக எழுத்தில், குறிப்பாக மலையகத்துக்கு வெளியிலிருந்து மலையகத்தைப் பற்றி எழுதப்பட்ட முற்போக்கு எழுத்தில், ‘மாட்டுத் தொழுவம் போன்ற லயம்’ என்னும் உவமை எண்ணற்ற முறை பயின்று வந்துள்ளது. நோக்கம் நேர்மையானது. விளைவு ஐயத்துக்குரியது.

உவமை இருபக்கமும் வெட்டும். லயத்தைத் தொழுவம் என்னும்போது அதனைக் கட்டியவனின் கொடுமை வெளிப்படுகிறது. உடனடியாகவே, அதனுள் வாழ்வோர் மாடுகள் என்னும் முடிவும் வாசகன் மனத்தில் படிகிறது. வாயில்லாப் பிராணிக்கு இரங்குவது போல் வாசகன் தொழிலாளிக்கு இரங்குகிறான். இரக்கம் கொள்வதற்கு ஒப்புரிமை வேண்டியதில்லை. காமன் கூத்தையும் அர்ச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் அந்த லயத்து முற்றங்களிலேயே ஆண்டுதோறும் ஆடிக் காத்தவர்கள், வாய்மொழிப் பாடலால் கங்காணியை எள்ளியவர்கள், சங்கம் கட்டியவர்கள் தொழுவத்து உயிர்கள் ஆகார். இந்தப் பழி முற்போக்கு முகாமைச் சேர்ந்த நம்மையும் சாரும் என்பதை ஒப்புக்கொள்ளுதல் கடமை.

மலையகத்தின் உள்ளிருந்து எழுதியோர் இவ்வுவமையை எங்ஙனம் கையாண்டனர் என நோக்குதல் பயன்தரும். சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு இட்ட பெயர் ‘வீடற்றவன்’. லயத்தில் வாழ்பவனை வீடற்றவன் எனல் முரணாகத் தோன்றலாம். லயம் வீடன்று என்னும் சட்ட உண்மையை அத்தலைப்பு ஒரே சொல்லில் நிறுவிவிடுகிறது. விலங்கைத் துணைக்கழைக்கத் தேவை நேரவில்லை. தி. ஞானசேகரனின் ‘லயத்துச் சிறைகள்’ என்னும் தலைப்பு லயத்தை விலங்கின் இடத்திலிருந்து மனிதனின் இடத்துக்கு மாற்றுகிறது. சிறை கொடியதாயினும் மனிதனுக்கென்றே அமைந்தது. விடுதலை என்னும் சொல்லை அது உடன் அழைத்து வருகிறது. தொழுவத்துக்கு அத்தகைய எதிர்ச்சொல் இல்லை.

மல்லிகை சி. குமாரின் கவிதைத் தொகுதிக்குப் பெயர் ‘மாடும் வீடும்’. இணைப்பிடைச்சொல்லாகிய உம்மை இங்கு உவமையுருபின் வேலையைச் செய்யாது விலகி நிற்கிறது. மாடு போல வீடு என அது கூறவில்லை. மாட்டையும் வீட்டையும் அருகருகே நிறுத்திவிட்டு, ஒப்பிடும் பொறுப்பை வாசகனிடம் விட்டுவிடுகிறது. தோட்டத்து நடைமுறையை அறிந்தோர்க்கு இவ்வைப்பு மிகுந்த பொருளுடையது. லயத்தின் கோடியில், நிர்வாகம் கண்டும் காணாமல் விட்ட துண்டு நிலத்தில், தொழிலாளி தன் பசுவுக்கு ஒரு கொட்டில் கட்டுகிறான். தகரமும் மரக்கொம்பும் தேடி, தன் கையால், தன் விருப்பப்படி, வேண்டிய இடத்தில் வாசல் வைத்துக் கட்டுகிறான். தோட்டத்தில் அவன் தனக்கெனக் கட்டிய கட்டடம் பெரும்பாலும் அது ஒன்றே. மாடு தொழிலாளியின் கட்டடத்தில் வாழ்ந்தது. தொழிலாளி துரையின் கட்டடத்தில் வாழ்ந்தான். லயத்தைத் தொழுவத்தோடு ஒப்பிட்டோர் இதனைக் கண்டிருப்பின், அவ்வொப்புமை தொழுவத்துக்கே அநீதி எனக் கருதியிருப்பர்.

தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ லயத்தின் இட நெருக்கடியை மையமாகக் கொண்ட கதை. பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஓரறையில் உறங்க நேரும் வாழ்வில் இருளே ஒரே மறைப்பு. அம்மறைப்பும் பொய்க்கும்போது நேரும் கூச்சமும் குற்றவுணர்வுமே கதைப்பொருள். விலங்குக்கு இல்லாதது இந்த வெட்கம். ஆதலினால் அக்கதை தொழுவ உவமையை நேரடியாக மறுக்காமலேயே அதனைத் தகர்த்துவிடுகிறது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையில் தன் உழைப்பின் அளவை ஐயுற்றோர் முன் அதனை மெய்ப்பித்துக் காட்டும் பெண் நிற்கிறாள். எண்ணப்படும் பொருளாக இருந்தவள் தன் எண்ணிக்கையைத் தானே கோருபவளாக மாறுவதே அக்கதையின் திருப்பம். மலையக யதார்த்தவாதத்தின் சாதனை இத்தகைய இடங்களில் இருக்கிறது. உவமைகளின் காரத்தில் இல்லை.

6. பெயர் மாற்றமும் உடைமை மாற்றமும்

அண்மை ஆண்டுகளில் லயங்களுக்கு மாற்றாகத் தனிவீடுகள் எழுகின்றன. 2015க்குப் பின் 7 பேர்ச் நிலத்தோடு கூடிய வீடு என்பது கொள்கையாயிற்று. இந்திய உதவியுடனான 4,000 வீடுகளோடு, 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2023இல் மலையக மக்கள் தம் வருகையின் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோதும் நிலமும் வீடும் முன்னணிக் கோரிக்கைகளாக இருந்தன.

இது குறித்து இடதுசாரிகளிடையே ஒரு தயக்கம் உண்டு. தொழிலாளியை வீட்டுக்காரனாக்குதல் அவனை ஓரிடத்தில் கட்டிப்போடும் தந்திரம் என 1872இல் ‘குடியிருப்புப் பிரச்சினை’ என்னும் நூலில் ஏங்கெல்ஸ் எச்சரித்தார். அதனை மேற்கோளாகக் கொண்டு, 7 பேர்ச் என்பது சிறுவுடைமை மயக்கம் எனக் கூறுவோர் உளர். ஏங்கெல்ஸின் கூற்றை அதன் சூழலிலிருந்து பெயர்த்தெடுப்பதன் விளைவு இது. தன் உழைப்புச் சக்தியை விரும்பியவனுக்கு விற்கும் சுதந்திரம் பெற்ற நகரத் தொழிலாளியைக் கருதியே அவர் எழுதினார். வீடு அவனுடைய அசைவைக் குறைக்கும் என்பது அவரது கவலை. தோட்டத்தில் நிகழ்ந்தது இதன் மறுதலை. அங்கு உடைமையின்மையே கட்டுக்கயிறாயிற்று. முதிய தாய் தந்தையர்க்குக் கூரை வேண்டுமெனின் வீட்டில் ஒருவரேனும் பிரட்டுக்கு நின்றாக வேண்டும். அக்கயிற்றை அறுக்கும் உடைமை, ஏங்கெல்ஸ் அஞ்சிய உடைமையோடு ஒருதன்மைத்தாகாது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. புதிய குடியிருப்புகள் கிராமம், நகர், புரம் என அழகிய பெயர்களைத் தாங்கி வருகின்றன. பெயர் தன்னளவில் எதனையும் மாற்றாது என்பதைப் பட்டியின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. தொழுவம் என்று பொருள்பட்ட சொல் மதிப்புடைய ஊர்ப்பெயராக முடிந்தது, அங்கு வாழ்ந்தோர் அதன் மண்ணை உடையோராக இருந்தமையினால். கோடு என்று மாத்திரம் பொருள்பட்ட ஒரு சொல்லில் தொழுவத்தின் வாடை ஏறியது, அதில் வாழ்ந்தோர் எதனையும் உடையோராக இல்லாமையினால். உறுதி எழுதிக் கொடுக்கப்படாத வீட்டுக்கு எந்தப் பெயர் இட்டாலும் காலப்போக்கில் அதனுள்ளும் லாயத்தின் எதிரொலியையே மக்கள் கேட்பர்.

ஆகவே லயம் என்னும் சொல்லின் பிறப்பைப் பற்றி நாம் கூறக்கூடியது இது: அது ஆங்கிலத்தில் பிறந்தது, லாயத்தில் பிறக்கவில்லை. மாணவர் இதனை ஐயமின்றி எழுதுதல் வேண்டும். ஆனால் அதனை லாயம் எனக் கேட்ட தொழிலாளியின் செவியைப் பிழையுடையது எனத் திருத்துதற்கு அகராதிக்கு உரிமையில்லை. சொல்லின் பிறப்பை அவன் அறியாதிருக்கலாம். சொல் தன்மீது செய்த வேலையை அவன் அறிந்திருந்தான். அகராதியில் லயம் என்னும் பதிவின் எதிரே, ஆங்கிலம் என்னும் குறிப்புக்குப் பின், இவ்விரண்டாம் பொருளையும் சேர்த்தெழுதுதல் தமிழ் ஆராய்ச்சியின் கடன். அப்பொருள் வழக்கிழந்தது என்று குறிக்கும் நாள், அகராதியைத் தொகுப்போரின் கையில் இல்லை. காணி உறுதிகள் எழுதப்படும் மேசையிலேயே அது தீர்மானிக்கப்படும்.